கடவுளின் அன்பு வெவ்வேறு இன மக்களை உண்மையிலேயே ஒன்றாக்குகிறதா?

கடவுளின் அன்பு எல்லா இனத்தாரையும் ஒன்றாக்குகிறது என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அது வெறும் மேடைப் பேச்சா, நிஜமாகவே நடக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சின்ன வயதிலிருந்து சபைக்குப் போகிறவன், அதனால் என்னிடம் நடுநிலையான பதிலை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பூசி மெழுகவும் மாட்டேன்.

நடக்கிறது. பெரும்பாலும் சண்டை போட்டுத்தான் நடக்கிறது. அந்தச் சண்டை சுற்றிச் சுற்றிச் சாப்பாட்டுப் பந்தியில்தான் வந்து நிற்கிறது, இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

பொதுவாக இந்தக் கேள்விக்கு, இயேசுவின் சீஷர்கள் மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளைத்தான் பதிலாகச் சொல்வார்கள். எருசலேமில் பார்த்தர், மேதர், ஏலாமீத்தர், எகிப்தியர், ரோமர், கிரேத்தர், அரபியர் என்று ஒரு பெரிய கூட்டம், ஆவி இறங்கியதும் அவரவர் தங்கள் தங்கள் பாஷையில் செய்தியைக் கேட்டார்கள். அழகான காட்சிதான். எல்லாரையும் ஒரே மொழிக்கு மாற்றி ஒன்றாக்கவில்லை என்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் அது ஒருநாள் அனுபவம். மறுநாள், மறுமாதம், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்தபோதுதான் உண்மையான பரீட்சை ஆரம்பித்தது.

இயேசுவின் முக்கியச் சீஷரான பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். யோப்பாவில் மாடியில் ஜெபம் பண்ணப் போன மனிதருக்கு நல்ல பசி, கீழே சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கும்போது ஒரு தரிசனம் வருகிறது. வானத்திலிருந்து ஒரு பெரிய துப்பட்டி இறங்குகிறது, அதில் யூதர்கள் தொடக்கூடாத பிராணிகளும் இருக்கின்றன, அடித்துச் சாப்பிடு என்று ஒரு குரல். மாட்டேன் என்கிறார். மூன்று தரம் இப்படி நடக்கிறது. அப்புறம் கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவனின் (நூற்றுக்கு அதிபதி) ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், இவர் செசரியாவுக்குப் போய் அந்த வீட்டில் நுழைகிறார், தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று அங்கேதான் அவருக்குப் புரிகிறது. திரும்பி எருசலேமுக்கு வந்தால் சொந்த ஆட்கள் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? ஏன் பிரசங்கித்தீர் என்றோ ஏன் ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னீர் என்றோ கேட்கவில்லை. விருத்தசேதனமில்லாதவர்கள், அதாவது யூதரல்லாதவர்கள், வீட்டுக்குப் போய் அவர்களோடு சாப்பிட்டீரே என்றுதான் கேட்டார்கள்.

இத்தனையும் பார்த்த அதே பேதுருதான் பிற்பாடு அந்தியோகியாவில் வழுக்கினார். அந்தச் சபையில் யூதரும் மற்றவர்களும் சேர்ந்தே இருந்தார்கள், தலைவர்களிலேயே நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானாகிய லூகி, ஏரோதோடு வளர்க்கப்பட்ட மனாயீன் என்று பல தரப்பட்டவர்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வந்ததும் அந்த ஊரில்தான். பேதுரு வந்தார், புறஜாதியாரோடு சகஜமாக உட்கார்ந்து சாப்பிட்டார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்திலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய் மெல்ல எழுந்து தனியாக உட்கார்ந்துவிட்டார், அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள், அந்தச் சபைத் தலைவர்களில் ஒருவரான பர்னபாவும் கூட. அப்போஸ்தலரான பவுல் அதை எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்ற வசனத்துக்கு ஒரு அதிகாரம் முன்னால்தான் இந்தச் சம்பவத்தை எழுதுகிறார். வசனத்தை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறோம், முந்தைய அதிகாரத்தை விட்டுவிடுகிறோம்.

இங்கே அன்பு எங்கே வருகிறது என்றால், பவுலின் வாதத்திலேயே வருகிறது. என்னில் அன்புகூர்ந்து தம்மையே எனக்காக ஒப்புக்கொடுத்தவர் என்று அதே பேச்சின் முடிவில் சொல்கிறார். யாரும் தன் பிறப்பாலோ ஒழுக்கத்தாலோ உள்ளே வரவில்லை, எல்லாரும் இரக்கத்தால் வந்தவர்கள், அப்படியிருக்க எந்த உரிமையில் ஒருவன் இன்னொருவனைப் பந்தியை விட்டு எழுப்புவான்? எனக்குத் தெரிந்து கிறிஸ்தவ ஒற்றுமையின் முழு தர்க்கமும் இவ்வளவுதான். ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறதா என்பது அப்புறம்.

சுவர் என்பதும் அந்தக் காலத்தில் வெறும் உவமை இல்லை. எருசலேம் ஆலயத்தில் அந்நியர் தாண்டக்கூடாத ஒரு தடுப்பு இருந்தது, தாண்டினால் மரணம் என்று கிரேக்க மொழியில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு கல் 1871-ல் கிடைத்தது, இன்றும் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசு பட்டணத்தைச் சேர்ந்த, யூதரல்லாத துரோப்பீமுவை ஆலயத்துக்குள் கூட்டிவந்தார் என்று நினைத்துத்தான் பவுலையே கூட்டம் பிடித்து அடித்தது. எபேசியருக்கான கடிதத்தில் பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்தார் என்று வருவதை அந்தக் கல்லை நினைத்துக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

சரி, சுவர் இடிந்துவிட்டதா? திரும்பக் கட்டினார்கள், அதுவும் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து மேசையைச் சுற்றியே. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த சபை 1829-ல் நிறம் பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து திருவிருந்து எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. 1857-ல் அதே சபை, சேர்ந்திருப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது, ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெள்ளையர் அல்லாதவர்கள் தனிக் கட்டடத்தில் ஆராதிக்கலாம் என்றது. பலவீனம் என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள், யாருடைய பலவீனத்துக்கு யார் வெளியே போனார்கள்! 1881-ல் வெள்ளையர் அல்லாதவர்களுக்குத் தனிச் சபையே வந்துவிட்டது. இதிலிருந்து நிறவெறி அரசியல் சட்டங்களுக்குப் போன வழி ரொம்ப நீளமானதும் இல்லை. ஆனால் அப்படித் தள்ளிவைக்கப்பட்ட சபைதான் 1982-ல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை எழுதி 1986-ல் ஏற்றுக்கொண்டது, ஒற்றுமை கிறிஸ்து கொடுத்த வரம், சபை கட்டாயம் காக்க வேண்டிய கடமையும் கூட என்று சொன்னது. பழிவாங்கும் தொனியே இல்லாமல் அதை எழுதியிருக்கிறார்கள். வெளியே தள்ளப்பட்டவர்கள் மற்றவர்களை உள்ளே கூப்பிட்டது எனக்கு எந்தப் பிரசங்கத்தையும் விடப் பெரிய அத்தாட்சி.

சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மொழிக்காரர்கள் சேர்ந்து ஆராதிக்கும் ஒரு சபையில் சில வருடம் இருந்தேன். அவர்கள் மொழியில் எனக்குப் புரிந்த வார்த்தைகள் ஆமென், அல்லேலூயா, ஓசன்னா, அவ்வளவுதான், அவை இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத எபிரெய வார்த்தைகள். ஆரம்பத்தில் அது பெரிய பரவசமாக இருந்தது. அப்புறம் எந்த மொழியில் எத்தனை பாட்டு என்று தகராறு வந்தது. சிரிக்காதீர்கள், ஆதிச் சபையிலேயே கிரேக்க மொழி பேசிய யூதர் எங்கள் விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுத்தார்கள், அதுவும் பந்தி விசாரிப்புதான், சாப்பாடு பங்கிடுகிற விஷயம். எங்கள் பக்கம் ரொம்பச் சத்தம் போட்டவன் நான். அந்தப் பக்கம் ஒரு பெரியவர். ஐந்தாறு மாதம் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு திருவிருந்து ஞாயிறு அன்று தாமதமாகப் போனேன், காலியாக இருந்தது அவர் பக்கத்து இருக்கை மட்டும்தான். அப்பத் தட்டு வரிசையாகக் கைமாறி வந்தது, அவர் எடுத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார். வாங்காமல் இருக்க முடியாது, வாங்கிவிட்டுப் பகையோடு இருக்கவும் முடியாது. கொஞ்ச நேரம் தட்டைப் பிடித்தபடியே இருந்தேன், அவரும் கையை விடவில்லை. அன்றைக்கே கட்டிப்பிடித்துச் சமாதானமாகிவிட்டோம் என்று எழுத ஆசைதான், ஆனால் பேச ஆரம்பிக்க இன்னும் மூன்று வாரம் ஆனது, அதுவும் அவர்தான் முதலில் பேசினார்.