கூடத்துச் சுவரை இடிக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தாத்தா காலத்து வீடு. முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள், தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடு, கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிப் போட்ட மாடித் தளம்). கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டுப் பெரிய ஹாலாக்க ஆசை. மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டு, “வெறும் 4½ அங்குலச் சுவர், பாரமெல்லாம் தூண்மேல இருக்கு, தாராளமா இடிக்கலாம்” என்கிறார். நம்பலாமா?

பதில்: தட்டிப் பார்த்துச் சொல்ல அதென்ன தேங்காயா? முற்றத்துத் தூண்கள் பெரும்பாலும் தாழ்வாரத்து ஓட்டைத்தான் தாங்கும், கூடத்து மாடிக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இருக்காது. முதலில் அண்ணாந்து பாருங்கள். பெரிய உத்திரம், அதன்மேல் குறுக்கே சுமார் 1½ அடிக்கு ஒன்றாகக் கட்டைகள், அதற்கு மேல் சாய்வாட்டத்தில் நிறுத்தி அடுக்கிய சின்னச் செங்கல், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட், தட்டை ஓடு என்று மேலே இருக்கிற அத்தனை கனமும் மரத்தின் முனைகள் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். கட்டை முனைகள் எந்தச் சுவருக்குள் போகின்றனவோ அது பாரச் சுவர். கட்டைகளுக்கு இணையாக ஓடும் சுவர் பாரத்திலிருந்து தப்பிக்கலாம், ஆனால் உத்திரத்தின் முனை அதில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கை வைக்காதீர்கள்.

ஒல்லியான சுவர் என்பதால் மட்டும் அதைப் பாரமில்லாத சுவர் என்று விட்டுவிட முடியாது. திருவையாற்றில் எங்கள் பெரியப்பா வீட்டில் பிற்பாடு எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர். உச்சியில் காரையைச் சுரண்டிவிட்டு, உத்திரம் சுவர்மேல் உட்காராமல் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க, உத்திரத்துக்கும் செங்கலுக்கும் நடுவே ஆக்ஸா பிளேடை நுழைத்தேன். இரண்டடி தூரம் வழுக்கிக்கொண்டு போனது, அப்புறம் சிக்கிக்கொண்டு நகரவே இல்லை. சந்தேகப்பட்டு உத்திர முனையில் ஸ்குரூ டிரைவரால் குத்தினால் கைப்பிடி வரைக்கும் இறங்குகிறது! சுவருக்குள் புதைந்த முனையில் மழைத் தண்ணீர் ஊறி, கரையான் உள்ளே தின்றுவிட்டு வெளியே தோலை மட்டும் விட்டு வைத்திருந்தது. உத்திரம் தொய்ந்து அந்தத் தடுப்புச் சுவர்மேல் சாய்ந்துகொண்டிருந்தது, பாரம் தாங்கக் கட்டாத சுவர்தான் பல வருஷமாக மாடியைத் தாங்கியிருக்கிறது.

நீங்களும் பிளேடு வைத்துப் பாருங்கள், மரத்தைக் குத்திப் பாருங்கள். பிளேடு முழு நீளமும் ஓடினாலும் உடனே கடப்பாரையை எடுக்காதீர்கள், நீளமான பக்கச் சுவர்கள் வெளியே சாயாமல் இந்தக் குறுக்குச் சுவர் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்ல மேஸ்திரி போதாது, பழைய வீடுகளில் பழக்கமுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்கட்டும். அவர் சரி என்றாலும் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த பிறகே முதல் செங்கல். வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் ஊறிய சுண்ணாம்புத் தளம் கனத்துப்போயிருக்கும்.