நீலகிரி மலை ரயிலில் குன்னூர்–ஊட்டி மட்டும் போனால் போதுமா, மேட்டுப்பாளையத்திலேயே ஏற வேண்டுமா?

முடிந்தால் மேட்டுப்பாளையத்திலேயே ஏறுங்கள். குன்னூரிலிருந்து ஊட்டி வரை உள்ள சுமார் 19 கிலோமீட்டரில் வழக்கமாக ஓடுவது டீசல் இன்ஜின். தேயிலைத் தோட்டமும் கேத்தி பள்ளத்தாக்கும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கான காரணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி வரும் கல்லாறு–குன்னூர் பகுதிக்குத்தான் போக வேண்டும்.

அங்கே இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கம்பக்கமாகக் கிடக்கும். கல்லாறு நிலையத்தில் வண்டி நிற்கும்போது குனிந்து பாருங்கள்: ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த சட்டத்தில் இடைவெளி இருக்கும். இன்ஜினுக்கு அடியிலுள்ள பல்சக்கரங்கள் அவற்றில் மாறி மாறிக் கடிப்பதால், எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். 12.5 அடிக்கு ஓரடி உயரும் சரிவில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்சட்டத்துக்கு வந்ததும், அவற்றில் வேலை முடித்த நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். சத்தம் மாறுவது காதுக்கே தெரியும்.

ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டுவிடக் கூடாதல்லவா! டிரைவருக்கு முன்னால் தெரியாது. பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன்கள் கொடி காட்டித்தான் வண்டி நகர்கிறது.

இனி டிக்கெட். ஐஆர்சிடிசியில் கோவையிலிருந்து ஊட்டிக்குத் தேடிவிட்டு ரயிலே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. புறப்படும் இடமாக மேட்டுப்பாளையத்தையும், சேரும் இடமாக உதகமண்டலத்தையும் கொடுக்க வேண்டும். குன்னூரோடு இறங்குவதானால் அதன் குறியீடு ஓஎன்ஆர். பெட்டிகள் நாலைந்துதான் என்பதால் முன்பதிவு திறந்த அன்றே போடுங்கள், ஏப்ரல், மே பயணமென்றால் கட்டாயம். ஏறும் டிக்கெட் கிடைக்காவிட்டால் ஊட்டியிலிருந்து மதியம் இறங்கும் வண்டியைப் பாருங்கள். பல்சட்டப் பகுதி அதிலும் வரும், நேரமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையும். என்ன, இன்ஜின் திணறி ஏறும் அந்த ஓசை இருக்காது.

காலை வண்டி ஏழு மணியை ஒட்டிப் புறப்படும். அன்றைய நேரத்தை மறக்காமல் சரிபாருங்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருபவர்களுக்கு இணைப்பு சரியாக இருக்கும். கோவையிலிருந்து வருபவர்கள் விடியற்காலைப் பேருந்தை நம்புவதைவிட முந்தைய இரவே மேட்டுப்பாளையத்தில் தங்குவது நிம்மதி.

ஊட்டி போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 46 கிலோமீட்டருக்கா என்று கேட்காதீர்கள். பல்சட்டத்தில் வேகமே மணிக்கு 13 கிலோமீட்டர்தான். பெட்டியில் கழிப்பறை கிடையாது. இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில்தான் இறங்க வேண்டும், அவற்றில் ஹில்குரோவில் நேரம் தாராளமாகக் கிடைக்கும். அங்கே குரங்குகள் ஜன்னல் வழியாகவே கையை விடும். பிஸ்கட் பாக்கெட்டை மடியில் வைத்திருக்காதீர்கள். பெரிய சூட்கேஸ் வைக்க இடமில்லை. ஆளுக்கு ஒரு தோள்பை போதும். குன்னூர் வரை பள்ளத்தாக்கு பெரும்பாலும் இடப்பக்கம். புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்ஜினுக்கு ஒட்டிய பெட்டியைத் தவிர்ப்பது நல்லது, வழியில் 16 சுரங்கப்பாதைகள் இருக்கின்றன.

குன்னூரில் இறங்கி நில்லுங்கள். நீராவி இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டுவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். 1899-இல் பாதை இங்கே வரைதான் வந்தது. ஊட்டியைத் தொட்டது 1908-இல். அதனால்தானோ என்னவோ, வண்டி இங்கிருந்து கொஞ்சம் பின்னால் போய்விட்டுத்தான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும். தப்பான திசையில் போகிறதே என்று பதற வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து பாறை விழுந்தால் சேவை நாள்கணக்கில் நிற்கும். ரத்தானால் பணம் திரும்ப வரும், ஆனால் ஊட்டியில் போட்ட அறை காத்திருக்காது. அந்த மாதங்களில் போவதானால் ரத்துசெய்யக்கூடிய அறையாகப் பதிவுசெய்துவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் பேருந்தை மாற்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.