செய்தேனா, செய்தோமா? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

நீளமான கடிதத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நியூ ஜெர்சியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஐ.டி. பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். டைரக்டர் ப்ரொமோஷன் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போய்விட்டது. ‘எக்ஸிக்யூட்டிவ் பிரசன்ஸ் போதவில்லை’ என்கிறார் மேனேஜர், அதாவது தலைமைக்குரிய தோரணை இல்லையாம். இப்போது கம்பெனியே ‘விமன் ஆஃப் கலர்’ (வெள்ளையரல்லாத பெண்கள்) ஊழியர்களுக்கென்று ஆறு மாத லீடர்ஷிப் கோச்சிங் தருகிறது. சேரலாமா? ‘கலர்’ என்ற சொல்லே கூச்சமாக இருக்கிறது, நாமெல்லாம் அதில் வருவோமா? உச்சரிப்புப் பயிற்சிக்கும் போகவா? எனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறாள் தோழி, தகுதி இருந்தும் இல்லை என்று நினைக்கும் கோளாறாம். போன வருடம் க்ளெய்ம்ஸ் சிஸ்டத்தைப் பழைய மெயின்ஃப்ரேமிலிருந்து மாற்றினோம், நல்லபடியாக முடித்தோம். ஆனால் டெமோ அன்று நான் தடுமாறிவிட்டேன். அதுதான் காரணமோ என்னவோ. கிரீன் கார்டும் இன்னும் வரவில்லை. தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

எல்.

அன்புள்ள எல்.,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை விஷயத்துக்காக, இரண்டாவது தடவை வினைமுற்றுகளுக்காக. ‘மாற்றினோம்’, ‘முடித்தோம்’. அடுத்த வரியிலேயே ‘தடுமாறிவிட்டேன்’. சாதித்தது எல்லாம் ‘நாங்கள்’ என்று சொல்லும் ‘-ஓம்’ விகுதி, சறுக்கியது மட்டும் ‘நான்’ என்று சொல்லும் ‘-ஏன்’ விகுதி. போதாததற்கு மன்னிப்பு வேறு இரண்டு தடவை. ஒருவரும் உங்களைக் கேட்கவில்லையே அம்மா, எதற்கு மன்னிப்பு?

இந்த விகுதி விவகாரம் கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் உங்களுக்குப் பதில். மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

உச்சரிப்புப் பயிற்சி வேண்டாம். நீங்கள் சொல்வதை யாராவது அடிக்கடி திருப்பிக் கேட்கிறார்களா? இல்லையென்றால் அந்தப் பணம் வீண். கேட்கிறார்கள் என்றால் எண்களையும் பெயர்களையும் சொல்லும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள், போதும்.

‘கலர்’ தோலைக் குறிக்கும் சொல் என்று நினைத்துத்தான் கூசுகிறீர்கள். 1977-ல் ஹூஸ்டனில் தேசியப் பெண்கள் மாநாடு நடந்தது. கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கோரிக்கைப் பட்டியலோடு வந்தார்கள். லத்தீன், ஆசிய, பூர்வகுடிப் பெண்கள் தாங்களும் சேருவோம் என்றார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர் தேவைப்பட்டபோது ‘விமன் ஆஃப் கலர்’ என்ற இந்தச் சொல் அரசியல் சொல்லாக எழுந்தது என்று கறுப்பினப் பெண்ணியச் செயற்பாட்டாளர் லொரெட்டா ராஸ் பதிவு செய்திருக்கிறார். சேர்ந்து நிற்கிறேன் என்பவருக்கான சொல் அது. நீங்கள் அதில் வருவீர்கள். வந்த பிறகு உங்கள் குழுவில் இருக்கும் கறுப்பினப் பெண்ணின் பேச்சை யாராவது கூட்டத்தில் வெட்டினால் ‘அவர் முடிக்கட்டும்’ என்று சொல்ல வேண்டியதும் உங்கள் வேலை. சலுகைக்கு மட்டும் உள்ளே வந்துவிட்டுத் தோள் கொடுக்க வேண்டிய நேரத்தில் ‘நாங்கள் இந்தியர்கள்’ என்று நகர்ந்துகொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அது அசிங்கம்.

இம்போஸ்டர் சிண்ட்ரோம் பற்றி உங்கள் தோழியிடம் சொல்லுங்கள்: 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதைப் பற்றி எழுதியபோது ‘சிண்ட்ரோம்’ (நோய்க்குறி) என்று சொல்லவேயில்லை, ‘ஃபினாமினன்’ (நிகழ்வு) என்றார்கள். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் வசதியான வெள்ளைப் பெண்களை. மூன்று தடவை ப்ரொமோஷன் தள்ளிப்போனவர் தன்னைச் சந்தேகிப்பது நோயில்லை, கணக்கு.

சரி, விகுதிக்கு வருகிறேன். தமிழில் ‘என் அம்மா’ என்றுகூட நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவளும் ‘எங்கம்மா’ என்பாள். ‘எங்க வீடு’, ‘எங்க ஊர்’. ‘நான்’ என்று தொடங்கினாலே பாட்டி முகம் சுளிப்பாள். இது நல்ல குணம்தான், வீட்டில். ஆனால் உங்கள் சுயமதிப்பீட்டுத் தாளில் ‘வி மைக்ரேட்டட்’ (நாங்கள் மாற்றினோம்) என்று எழுதினால், படிப்பவருக்கு உங்கள் அடக்கம் தெரியாது. பத்துப் பேரில் நீங்கள் யார் என்பதுதான் தெரியாமல் போகும். ‘மாற்றப்பட்டது’ என்று எழுதினால் இன்னும் மோசம், அங்கே ஆளே இல்லை.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்கப் பெரிய கம்பெனிகள் பலவற்றில் ப்ரொமோஷன் முடிவு உங்கள் எதிரில் நடப்பதில்லை. மேனேஜர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பெயர்களை ஒப்பிடுவார்கள், ‘கேலிப்ரேஷன்’ என்பார்கள். உங்கள் பெயருக்குச் சில நிமிடம். அங்கே உங்கள் குரல் இல்லை, உங்கள் மேனேஜரின் ஞாபகம் மட்டும்தான். அவர் ‘கடின உழைப்பாளி, நம்பகமானவர்’ என்று சொன்னால் விஷயம் முடிந்தது. கடின உழைப்பாளியை யாரும் அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப மாட்டார்கள்.

ஆகவே அவர் வாயில் சொற்களை நீங்கள்தான் வைக்க வேண்டும். மூன்று வாக்கியம், அறுபது சொல்லுக்குள். முதல் வாக்கியம்: கம்பெனிக்கு என்ன ஆபத்து இருந்தது. இரண்டாவது: வேறு வழியும் இருந்தபோது நீங்கள் எடுத்த முடிவு எது. மூன்றாவது: அதனால் எந்த எண் மாறியது, இன்று யார் அதை நம்பி வேலை செய்கிறார்கள். மென்பொருள் பெயர்கள் வேண்டாம், பெயரடைகள் வேண்டாம். எல்லா இடத்திலும் ‘நான்’ போட்டு நிரப்பவும் வேண்டாம். அது பொய், டீமும் கொதிக்கும். முடிவு உங்களுடையது என்றால் ‘-ஏன்’ விகுதி, உழைப்பு எல்லோருடையதும் என்பதால் அங்கே ‘-ஓம்’. இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் தற்பெருமை என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

அனுப்பும் நேரமும் முக்கியம். ரிவ்யூ வாரத்தில் அனுப்பினால் பயனில்லை, அதற்குள் பட்டியல் மேனேஜர் மனதில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பே அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்துச் சாதாரணமாகக் கேளுங்கள், ‘என்னைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?’ அவர் திணறினால் வாக்கியம் சரியில்லை, திரும்ப எழுதுங்கள்.

‘பிரசன்ஸ் போதவில்லை’ என்றதற்குத் தலையாட்டிவிட்டு வந்தீர்களே, அதுதான் எனக்குக் கோபம். அது ஃபீட்பேக்கே இல்லை. தனியாக இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். எந்தக் கூட்டத்தில் பார்த்தீர்கள், அங்கே நான் என்ன செய்திருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பீர்கள், இப்போது டைரக்டராக இருப்பவர்களில் யாரிடம் அதைப் பார்க்கிறீர்கள். இந்த மூன்று கேள்விதான். அவர் சொன்னதை அன்று மாலையே ‘நான் புரிந்துகொண்டது இது’ என்று மின்னஞ்சலாக அனுப்புங்கள். அடுத்த வருடம் இலக்கு நகர்ந்தால் அந்த மின்னஞ்சல் சாட்சியாக நிற்கும்.

நேராகக் கேட்டால் ‘அக்ரஸிவ்’ என்பார்கள் என்று பயப்படுகிறீர்களா? ஆதாரமில்லாத பயம் இல்லை அது. 2014-ல் கீரன் ஸ்னைடர் என்ற மொழியியலாளர் ஊழியர்களுடைய 248 ரிவ்யூக்களைத் திரட்டிப் பார்த்தார். குறை சொல்லும் ரிவ்யூக்களில், பெண்களுடைய 94-ல் 71 அவர்களுடைய சுபாவத்தைக் குறை சொல்லின. ஆண்களுடைய 83-ல் இரண்டே இரண்டு. அதனால்தான் உங்கள் பெருமையை இன்னொருவர் சொல்ல வேண்டும் என்கிறேன். மென்டர் (வழிகாட்டி) உங்களோடு பேசுவார், ஸ்பான்சர் (உங்களுக்காக வாதாடும் மூத்தவர்) உங்களைப் பற்றிப் பேசுவார். அப்படி ஏறியவர் உர்சுலா பர்ன்ஸ், 1980-ல் ஜெராக்ஸ் கம்பெனியில் கோடைக்காலப் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தவர். 1990-ல் வேலண்ட் ஹிக்ஸ் என்ற மூத்த அதிகாரி அவரைத் தன் நிர்வாக உதவியாளராக வைத்துக்கொண்டார், அடுத்த வருடம் தலைவர் பால் அலேர் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். முடிவெடுக்கும் அறையில் உட்கார இடம் கிடைத்தது. 2009-ல் அவர்தான் ஃபார்ச்சூன் 500 (அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளின் பட்டியல்) கம்பெனி ஒன்றுக்கு முதல் கறுப்பினப் பெண் தலைவர் ஆனார். (நம்மவர்கள் உடனே பெப்சிகோவுக்குத் தலைவராக இருந்த இந்திரா நூயியைக் காட்டுவார்கள். பெருமைதான், ஆனால் ஒரு சென்னைப் பெண் ஏறிவிட்டதால் ஏணி சரியாக இருக்கிறது என்று ஆகாது. மெக்கின்ஸி ஆலோசனை நிறுவனமும் லீன்இன் என்ற பெண்கள் அமைப்பும் 2023-ல் வெளியிட்ட கணக்கில், முதல் மேனேஜர் படியில் 100 ஆண்கள் ஏறினால் விமன் ஆஃப் கலர் 73 பேர்தான்.)

கோச்சிங் பற்றித்தானே கேட்டீர்கள்? சேருங்கள், காசு அவர்களுடையது. கோச் தொழிலுக்கு லைசன்ஸ் கிடையாது, யார் வேண்டுமானாலும் அட்டை அடித்துக்கொள்ளலாம். சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பின் பி.சி.சி. (ப்ரொஃபஷனல் சர்ட்டிஃபைடு கோச்) சான்று உண்டா என்று கேளுங்கள், அதற்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும் வேண்டும். முதல் நாளே மேனேஜரையும் வைத்துக்கொண்டு மூவராகப் பேசி, எது கம்பெனிக்குப் போகும், எது போகாது என்று எழுத்தில் வாங்குங்கள். இலக்கு மட்டும் போகலாம், பேச்சு போகக் கூடாது. ‘தன்னம்பிக்கை வளர வேண்டும்’ என்று இலக்கு வைத்தால் ஆறு மாதமும் மனதைத் தடவிக்கொடுத்தே கழிந்துவிடும். ‘காலாண்டுக் கூட்டத்தில் முதல் இரண்டு நிமிடத்துக்குள் என் பரிந்துரையைச் சொல்வேன்’ என்று வையுங்கள், பார்த்துச் சொல்ல மூன்று பேரையும் நியமியுங்கள்.

இன்னொன்று, எந்தக் கோச்சுக்கும் தெரியாது. கிரீன் கார்டு நடுவில் இருக்கும்போது பதவியோடு வேலையின் தன்மையும் பெரிதாக மாறினால், பெர்ம் விண்ணப்பத்தை (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி தொழிலாளர் துறையில் செய்வது) புதிதாகத் தொடங்க வேண்டி வரலாம். ஐ-140 (கம்பெனி உங்களுக்காகக் கொடுக்கும் குடியேற்ற மனு) ஒப்புதல் கிடைத்திருந்தால் பழைய வரிசைத் தேதி பொதுவாகக் கையில் இருக்கும், ஆனாலும் சம்மதம் சொல்லும் முன் வழக்கறிஞரிடம் புதிய வேலை விவரத்தைக் காட்டிவிடுங்கள்.

மெயின்ஃப்ரேம் வரியைத் திருத்தி எழுதி எனக்கு அனுப்புங்கள். எத்தனை க்ளெய்ம், எத்தனை மணி நேரம் சிஸ்டம் நின்றது, மாற்றத்தை எந்த வார இறுதியில் வைப்பது என்று முடிவு செய்தது யார். நீங்கள்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.