வந்து போகும் கோளாறு – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

எங்கள் வீடு திருநகரில். பாத்ரூமில் இருக்கும் வாட்டர் ஹீட்டர் போன கார்த்திகையிலிருந்து படுத்துகிறது. சில நாள் காலையில் ஸ்விட்சைப் போட்டதும் டிரிப்பர் விழுந்து வீடே இருட்டாகிவிடும். இரண்டு மூன்று தடவை தூக்கிவிட்டால் நின்றுகொள்ளும். அப்புறம் பத்து நாளைக்கு ஒன்றும் இருக்காது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்போது ஒழுங்காக ஓடுகிறது. தெர்மோஸ்டாட் மாற்றினோம், டிரிப்பரையே மாற்றினோம். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்த அன்றும் விழுந்தது. கடைசியாக வந்தவர் எர்த் வயரைக் கழற்றிவிட்டார். அதிலிருந்து தொந்தரவு இல்லை, ஆனாலும் மனசு கேட்கவில்லை. உப்புத் தண்ணீர்தான் காரணமா? தூக்கிப் போட்டுவிட்டு சோலார் வைத்துவிடலாமா? பையனுக்கு ஆறு வயது, வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டான்.

ச., மதுரை

அன்புள்ள ச.,

மேலே படிக்கும் முன் எழுந்துபோய் ஹீட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு வாருங்கள். எர்த் வயர் திரும்ப மாட்டப்படும்வரை அதைப் போடவே கூடாது.

உங்கள் ஹீட்டரில் எங்கோ மின்சாரம் கசிகிறது. இத்தனை நாள் அது எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போனது. கசிவுக்காக வீடுகளில் வைக்கும் டிரிப்பர் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டும், விழுந்தது. தன் வேலையைச் செய்தது. இப்போது வழியை அடைத்துவிட்டீர்கள். கசிவு நிற்கவில்லை, தொட்டியின் உடம்பிலும் குழாயிலும் வந்து நிற்கிறது. ஈரத் தரையில் நின்று யார் குழாயைத் திறக்கிறார்களோ அவர்கள்தான் அதற்கு அடுத்த வழி. டிரிப்பர் அப்போதும் விழலாம். ஆனால் அதற்குள் மின்சாரம் உங்கள் பையன் உடம்பில் புகுந்து போயிருக்கும். இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டுக் கூலியும் வாங்கிக்கொண்டு போனவர் மீது எனக்குக் கோபம். மனசு கேட்காமலே விட்டுவைத்த உங்கள் மீதும் கோபம்தான். மனசு கேட்காத அன்றைக்கே அணைத்திருக்க வேண்டாமா?

சோலார் நல்லதுதான், வசதி இருந்தால் வையுங்கள், அது தனிக் கணக்கு. உப்புத் தண்ணீர், ஹீட்டருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ‘காயில்’ மேல் படிந்து சூடேறுவதைத் தாமதமாக்கும், நாளடைவில் காயிலையே தின்றுவிடும். நம் ஊர் போர் தண்ணீருக்கு அது தெரிந்த கதை. ஆனால் ஒரு நாள் விழுந்து பத்து நாள் விழாமல் இருப்பதற்கு அந்தப் பதில் போதாது.

உங்கள் கடிதத்தில் ‘சில நாள்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டார்.

அப்பா வைகைக்கு வடகரையில் ஒரு நூல் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தார். விறகு பாய்லர். 1980களின் நடுவில், பள்ளிக்கூடம் லீவு விட்டால் மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுபோவது என் வேலை. ஒரு வருஷம் அந்த பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு சில நாள் மட்டும் மக்கர் செய்தது. மூன்று மணி வாக்கில் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. கண்ணாடிக் குழாயில் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். பாய்லரில் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்த மனிதர். கைக்கெட்டிய எரியும் விறகை எல்லாம் வெளியே இழுத்துப் போடுவார். மெக்கானிக் வந்து சேர ஆறு மணி ஆகும். அதற்குள் பம்பு நன்றாக ஓடும். கிளாண்டு மாற்றினார்கள், வால்வு மாற்றினார்கள், இம்பெல்லர் மாற்றினார்கள். ‘உன் கை ராசி சரியில்லை’ என்று முதலாளி அப்பாவிடமே சொன்னார்.

பாய்லர் பார்ப்பவர்கள் மணிக்கு ஒரு தடவை பிரஷரும் தண்ணீர் மட்டமும் நோட்டில் எழுதுவார்கள். அப்பா அதே நோட்டின் ஓரத்தில் பென்சிலால் மேலும் இரண்டு விஷயம் எழுத ஆரம்பித்தார். அன்றைக்கு என்ன சாயம், தண்ணீர்த் தொட்டி எவ்வளவு சூடு. ஆறு வாரம் எழுதினார். பம்பு நின்ற எல்லா நாளுக்கும் நேரே ‘கறு’ என்று இருந்தது. கறுப்புச் சாயம் போடும் நாள். அந்தச் சாயத்துக்குத் தொட்டிகள் கொதி நிலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், நீராவி நிறையப் போகும். போன நீராவி குளிர்ந்து வெந்நீராகத் திரும்பி வந்து பாய்லருக்கான தண்ணீர்த் தொட்டியிலேயே விழும். மதியத்துக்குள் அந்தத் தொட்டி 90 டிகிரியைத் தாண்டிவிடும். தொட்டியும் பம்பும் ஒரே தரையில் இருந்ததால், பம்பு உறிஞ்சும்போதே அந்தத் தண்ணீர் ஆவியாக உடைந்துவிட்டது. பம்பின் வயிற்றில் நீராவி நின்றால் அது எதைத் தள்ளும்? சாயங்காலம் தொட்டி ஆறிவிடும், மெக்கானிக் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

நாலடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டித் தொட்டியை அதன் மேல் ஏற்றினார்கள். தொட்டியில் பச்சைத் தண்ணீரும் கலந்து விட்டார்கள். அதற்குப் பிறகு பம்பு நிற்கவில்லை. மாற்றிய சாமான்கள் அத்தனையும் நல்ல சாமான்கள்தான்.

சரி, உங்கள் ஹீட்டருக்கு வருகிறேன். நாலு நாள் ஓடாமல் கிடந்து ஊரிலிருந்து வந்த அன்று விழுந்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதம். காயில் என்பது ஓர் உலோகக் குழாய். உள்ளே கம்பி, கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடு பொடி இறுக்கி அடைத்திருக்கும். அந்தப் பொடி ஈரத்தை இழுக்கும். முனையில் இருக்கும் அடைப்பு லேசாக விட்டிருந்தாலும், சும்மா கிடக்கும் நாள்களில் ஈரம் ஏறிவிடும், ஸ்விட்ச் போட்டதும் கசியும். இரண்டு மூன்று முறை தூக்கிவிடும்போது கொஞ்சம் சூடாகிக் காய்ந்துவிடும். தினமும் ஓடினால் ஈரம் சேர நேரமில்லை. எலக்ட்ரீஷியன் வரும்போது அது ஏற்கெனவே காய்ந்த காயில். இது என் சந்தேகம்தான். வேறு காரணமும் இருக்கலாம். மாடி மோட்டாரும் ஃபிரிட்ஜும் அதே டிரிப்பரில் இருந்தால் எல்லாவற்றின் சின்னச் சின்னக் கசிவும் சேர்ந்து ஒரு நாள் எல்லையைத் தாண்டும்.

எது என்று எனக்கு இங்கிருந்து தெரியாது, நோட்டுக்குத் தெரியும். எர்த்தை மாட்டிய பிறகு, பையனின் பழைய நோட்டில் தினமும் ஒரு வரி எழுதுங்கள். போட்ட நேரம், கடைசியாக ஓடியது எப்போது, மோட்டார் ஓடியதா, மழையா, விழுந்ததா. விழாத நாளையும் எழுத வேண்டும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அப்பாவின் நோட்டில் பம்பு ஒழுங்காக ஓடிய நாள்கள் இல்லாவிட்டால் ‘கறு’ தனியாகத் தெரிந்திருக்காது. தண்ணீர் சூடானதும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வாளியில் பிடித்த பிறகே குளிக்க வேண்டும். எலக்ட்ரீஷியனை வரச் சொல்லும் நாளுக்கு முன் மூன்று நாள் ஹீட்டரைப் போடாதீர்கள். வந்ததும் போட்டுக் காட்டவும் வேண்டாம். காயிலின் வயர்களைக் கழற்றி, ஆறிய நிலையிலேயே காயிலுக்கும் தொட்டி உடம்புக்கும் நடுவில் மெகர் (மின்சாரம் கசிய வழி இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெகர் இல்லாதவரை அனுப்பிவிடுங்கள்.

எர்த் மாட்டும் வரைக்கும் பையனுக்கு அடுப்பில் வெந்நீர் போட்டுக் கொடுங்கள். அடுத்த கடிதத்தில் அந்த நோட்டின் பக்கங்களை அப்படியே அனுப்புங்கள், தேதியோடு.