ஐ.பி. போட்ட பிறகும் வசூல் ஆட்கள் வருவார்களா? வருவார்கள், என் வீட்டுக்கு வந்தார்கள்

கேள்வி: கடன் கட்ட முடியாமல் ஐ.பி. (கோர்ட்டில் திவால் மனு) போடலாம் என்று இருக்கிறேன். மனு போட்டுவிட்டால் வசூல் ஆட்கள் வீட்டுக்கு வருவது நின்றுவிடுமா? அதுவரை எப்படிச் சமாளிப்பது?

நிற்காது. உடனே நிற்காது. நடுராத்திரியில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்பதே பாதி கதையைச் சொல்லிவிடுகிறது. போனை சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள், வாசலில் பைக் சத்தம் கேட்டால் வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும், ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்கி அது நாலாவதோ ஐந்தாவதோ ஆகியிருக்கும். தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள், நான் அப்படித்தான் இருந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. 'வாங்கும்போது இனித்தது, கொடுக்கும்போது கசக்கிறதா' என்று எழுத வருகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், 2014 முதல் 2020 மார்ச் வரை ஒரு தவணைகூட நான் தவறியதில்லை. அதையும் எழுதிவிட்டுத் திட்டுங்கள்.

திருப்பூரில் 10 மெஷின் வைத்துப் பவர் டேபிள் நடத்தினேன். கம்பெனிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் பீஸைத் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் தொழில். ஊரடங்கில் யூனிட் மூடிக் கிடந்தது, வாடகை ஓடியது. திறந்த பிறகு 2021ல் நூல் விலை ஏறியது ஊருக்கே தெரியும். ஆர்டர் குறைந்தது, வந்த வேலைக்கும் பணம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த அன்று மொத்தம் 18 லட்சத்து 60 ஆயிரம், 11 பேருக்கு. பேங்க் கிரெடிட் கார்டு, இரண்டு பைனான்ஸில் பர்சனல் லோன், மெஷின் லோன், தண்டல் (தினமும் வந்து வசூலிக்கும் வட்டிக் கடன்) இரண்டு, நூற்றுக்கு 5 வட்டி ஒன்று, சீட்டுப் பாக்கி, நூல்கண்டு கடை, வாடகை பாக்கி, கடைசியாக ஒரு நண்பனிடம் கைமாற்று 60 ஆயிரம்.

ஐ.பி.க்கு ஊரில் பெயர் மஞ்சள் நோட்டீஸ். அது என்றதும் டீக்கடையில் ஒரு சட்டம் பேசுவார்கள்: 'ஐ.பி. போட்டாச்சுன்னா எவனும் கிட்ட வரமுடியாது.' நானும் அதை நம்பித்தான் 2022 மார்ச்சில் சப் கோர்ட்டில் மனு போட்டேன். இது 1920ஆம் வருஷத்துச் சட்டம். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம் என்று இன்னும் அதில் இருக்கிறது, அதிலிருந்தே வயதைத் தெரிந்துகொள்ளுங்கள். (சென்னைக்குள் என்றால் 1909ஆம் வருஷத்துச் சட்டம், ஹைகோர்ட்டுக்குப் போகவேண்டும்.) 2016ல் புதுத் திவால் சட்டம் வந்துவிட்டதே என்று யாராவது கேட்பார்கள். அதில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. உங்களுக்கும் எனக்கும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான்.

இதில் யாரும் விளக்கமாகச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. மனு போட்ட அன்று உங்கள் கையில் இருப்பது ஒரு நம்பர் மட்டும்தான். கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவித்து உத்தரவு போட்ட பிறகுதான், கோர்ட் அனுமதி இல்லாமல் கடன்காரர்கள் உங்கள் மேலும் சொத்து மேலும் நடவடிக்கை எடுக்க முடியாது. அப்போதும் அடமானம் வைத்த பொருள் அதில் சேராது, என்னுடைய 4 மெஷினை லோன் கொடுத்தவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மனுவுக்கும் உத்தரவுக்கும் நடுவில் எனக்கு ஒரு வருஷம் 8 மாதம் ஆனது. நீங்கள் கேட்கிற 'அதுவரை' என்பது இதுதான்.

அந்த நாட்களில் பேங்க் சார்பில் வந்தவர்களில் ஒரு பையன் நன்றாக ஞாபகம் இருக்கிறான். 25 வயதுகூட இருக்காது. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தான், அந்த மரியாதையைப் பார்த்து நானும் சேர் போட்டேன். உட்காரவில்லை. வீட்டு நம்பர் தெரிகிற மாதிரி நின்று ஒரு போட்டோ எடுத்தான். வந்து போனதற்கு ஆதாரமாக ஆபீசுக்கு அனுப்பவேண்டுமாம். அப்புறம் ஹாலில் இருந்த என் மனைவியின் தையல் மெஷினைப் பார்த்துவிட்டு, 'மெஷின் நல்லாதான் இருக்கு, அக்கா தைச்சுச் சம்பாதிக்கிறாங்க போல, அப்புறம் என்னங்க அண்ணா பணம் இல்லைங்கறீங்க' என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தான். மணி ராத்திரி 8.20. மகள் கணக்கு நோட்டை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று எனக்கு வாயே வரவில்லை. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக்கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது, சொந்தக்காரர், நண்பர் என்று யாரையும் தொல்லை பண்ணக்கூடாது என்று அதில் இருக்கிறது. வக்கீலிடம் சொல்லி பேங்க் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு பக்கத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்பினேன், ஐ.பி. நம்பரும் போன் வந்த தேதி, நேரமும் போட்டு. 30 நாளில் சரியாகவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனிலேயே போகலாம். எனக்கு அதுவரை போகவில்லை, 12 நாளில் அந்த பேங்க் ஆட்கள் வருவது நின்றது. அதனால் போனில் கத்தாதீர்கள். தேதி, நேரம், நம்பர் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

தண்டல்காரருக்கு ரிசர்வ் வங்கியும் கிடையாது, 7 மணியும் கிடையாது. அதற்குக் கந்து வட்டித் தடைச் சட்டம் 2003லிருந்து இருக்கிறது, தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் பெயர் சொல்லியே அதில் உண்டு. ஆனால் ஸ்டேஷனுக்குப் போனால் 'நீங்களே பேசி முடிச்சுக்கங்க' என்று சொல்கிற ஆளும் இருப்பார், ஒருத்தர் எனக்குச் சொன்னார்.

நான் செய்த முட்டாள்தனமும் தண்டலில்தான். மனு போடுவதற்கு ஒரு வாரம் முன்னால், இருப்பதிலேயே அதிகமாகச் சத்தம் போடுகிற ஆளுக்கு மனைவியின் செயினை அடகு வைத்து 40 ஆயிரம் கொடுத்தேன். அவர் வாயை அடைத்தால் போதும் என்று இருந்தது. மனுவுக்கு முந்தைய 3 மாதத்தில் மற்றவர்களை விட்டுவிட்டு ஒருத்தருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்தால் அது செல்லாது, ரிசீவர் (திவாலானவர் சொத்தைக் கவனிக்க கோர்ட் நியமிக்கிறவர்) திரும்பக் கேட்கலாம். குறுக்கு விசாரணையில் பைனான்ஸ் வக்கீல், 'கத்துறவருக்குக் கொடுப்பீங்க, கத்தாதவருக்குக் கொடுக்கமாட்டீங்க, அப்படித்தானே?' என்று கேட்டார். ஆமாம் என்பதுதான் உண்மை. அந்த 40 ஆயிரத்தாலேயே 3 வாய்தா போனது. இப்போது உங்களிடம் யார் கத்துகிறாரோ அவருக்குக் கொடுக்கத்தான் கை போகும், கொடுக்காதீர்கள்.

பிளாங்க் செக் கொடுத்திருக்கிறீர்களா? செக் திரும்பினால் போடுகிற கேஸ் தனி. ஐ.பி.யைக் காட்டி அதை நிறுத்த முடியாது, என்னுடையது ஒன்று இன்னும் நடக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவரையும் உங்கள் ஐ.பி. காப்பாற்றாது. என் மச்சானுக்கு அது தெரிந்த நாளிலிருந்து பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

எல்லாக் கடனையும் மனுவில் காட்டவேண்டும். 'கைமாற்றை விட்டுவிடலாமா சார், பேப்பர் எதுவும் இல்லையே' என்று கேட்டேன். மறைத்தால் மொத்தமும் கெட்டுவிடும் என்றார் வக்கீல். அதனால் 11ஆவது எதிர்மனுதாரராக என் நண்பன் பெயர் போனது. முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லியிருக்கவேண்டும், இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிப்போட்டேன். கோர்ட் நோட்டீஸை அவன் வீட்டில் அவன் மனைவிதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். அந்த 60 ஆயிரம் கொடுத்ததே அவருக்குத் தெரியாதாம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். இப்போது பேக்கரியில் பார்த்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காசைக் கொடுத்துப் போய்விடுகிறான். வசூல் பையன்கள் பத்துப் பேர் வந்தாலும் சமாளித்துவிடலாம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எனக்கு ஒரு கம்பெனி தரவேண்டிய தையல் கூலி 4 லட்சத்து 30 ஆயிரம் இன்றுவரை வரவில்லை. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல 3 மடங்கு என்று 2006லேயே சட்டம் இருக்கிறது. நான் சிறுதொழில் பதிவு செய்யவில்லை, அதனால் உனக்கு இது பொருந்தாது என்றார்கள். சரி, என் தப்பு. ஆனால் அந்த முதலாளி வீட்டு வாசலில் நின்று யார் போட்டோ எடுப்பது? கோயில் கும்பாபிஷேக பேனரில் அவர் போட்டோதான் பெரிசு. எனக்கு வரவேண்டியது வந்திருந்தால் இரண்டு பைனான்ஸ் கடனும் அப்போதே முடிந்திருக்கும்.

2023 நவம்பரில் உத்தரவு வந்தது. ரிசீவர் ஆபீசில் சொத்து விவரம் கேட்டபோது அந்தத் தையல் மெஷினையும் சொன்னேன். மனைவி தைத்துப் பிழைக்கிற கருவி, சமையல் பாத்திரம், துணிமணி இதெல்லாம் ஜப்தியில் வராது என்று விட்டுவிட்டார்கள். கடன் இத்தோடு தீரவில்லை, இதற்குப் பிறகு விடுவிப்பு உத்தரவுக்குத் தனியாக மனு போடவேண்டும், போட்டிருக்கிறேன்.

போன் இன்னும் முழுதாக நிற்கவில்லை. ஒரு பைனான்ஸ் என் கடனை வேறு யாருக்கோ விற்றுவிட்டது போல, போன மாதம் ஒரு பெண் புதிதாகக் கூப்பிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். உத்தரவு நகலை வாட்ஸாப்பில் அனுப்பினேன். 'இது என்னங்க சார், தமிழ்ல சொல்லுங்க' என்றார். மஞ்சள் நோட்டீஸ்ம்மா என்றேன். 'ஓ' என்று சொல்லி வைத்துவிட்டார்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். வக்கீல் பெயர் மட்டும் கேட்காதீர்கள், போன தடவை சொன்னதற்கு விளம்பரம் பண்ணுகிறேன் என்று ஒருத்தர் சண்டைக்கு வந்துவிட்டார்.