மலைக்குடிகளும் சுற்றுலாவும்: கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

மலைவாழ் சிறுபான்மை இனங்களைச் சுற்றுலா சிதைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயணிகள் வராதிருந்தால் அவர்களுடைய உடையும் நெசவும் எப்போதோ வழக்கொழிந்திருக்கும் அல்லவா? வறுமையைத்தான் மரபு என்று கொண்டாடுகிறோமோ?

க.

அன்புள்ள க.,

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நேபாளத்தின் கும்பு பகுதியில் ஷெர்பாக்கள் பலர் தங்கும் விடுதிகளின் உரிமையாளர்களாகி, பிள்ளைகளைப் படிக்கவைத்தது மலையேறிகள் தந்த பணத்தில்தான். ஆனால் உடை பிழைத்ததா என்று மட்டும் பார்த்தால், அதை உடுத்தியவர் என்ன ஆனார் என்பது கண்ணில் படாமல் போகும்.

தாய்லாந்தின் மே ஹோங் சோன் பகுதியில் வாழும் கயான் பெண்கள், மியான்மரின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த அகதிகள். அவர்கள் கழுத்தைச் சுற்றி அணியும் பித்தளைச் சுருள் கழுத்தை நீட்டுவதில்லை. அதன் எடை காறை எலும்பைக் கீழே அழுத்துவதால் கழுத்து நீண்டதுபோலத் தெரிகிறது. அந்தத் தோற்றத்தைக் காண்பதற்கு ஊர் வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்கினார்கள். சிலரைக் குடியேற்றிக்கொள்ள நியூசிலாந்து முன்வந்தபோதும் தாய்லாந்து அவர்களை வெளியேற அனுமதிக்கவில்லை, 2008இல் ஐ.நா. அகதிகள் முகமையின் தரப்பிலிருந்தே, அவ்வூர்களுக்குச் செல்வதைப் பயணிகள் தவிர்க்கலாம் என்ற குரல் எழுந்தது. உங்கள் அளவுகோலின்படி அங்கே மரபு பிழைத்துவிட்டது.

நெசவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வியட்நாமின் மலையூரான சாப்பாவில் ஹ்மோங் என்ற மலைக்குடிப் பெண்களின் விரல்களில் அவுரிச் சாயம் நீலமாக ஊறியிருக்கும். கஞ்சா இனத்துச் செடியின் நாரைத் திரித்து நெய்து (சணல் என்று மொழிபெயர்க்கிறார்கள், அது வேறு செடி), தேன்மெழுகால் கோலமிட்டு, பலமுறை சாயத்தில் முக்கி ஒரு பாவாடையை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதே கோலத்தை ஆலையில் அச்சடித்த துணியும் சந்தையில் விற்கிறது. பேரம் பேசும் பயணிக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் இன்னும் நெய்கிறாள் என்றால், புத்தாண்டுக்குத் தன் வீட்டார் உடுத்துவதற்காக நெய்கிறாள் என்பதே பெரும்பாலும் காரணம்.

அவ்வூருக்கு மேலே நிற்கும் ஃபான்சிபான் சிகரத்துக்கு முன்பு இரண்டு நாள் நடை. வழிகாட்டவும் சுமை தூக்கவும் ஹ்மோங் ஆண்கள் வேண்டியிருந்தது. 2016இல் கம்பிவட வண்டி வந்தபின் கால் மணி நேரப் பயணமாகிவிட்டது. மலைக்கு வரும் கூட்டம் பெருகியிருக்கிறது, ஆனால் அந்த வண்டிச் சீட்டின் பணம் ஹ்மோங் வீடுகளுக்குப் போவதில்லை.