எடாயிக் முடிச்சா ஐரோப்பா முழுக்க ஸ்பெஷலிஸ்ட் ஆயிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில அனஸ்தீசியா கன்சல்டன்ட். எம்பிபிஎஸ், எம்.டி. ரெண்டும் தமிழ்நாட்டுலதான். ஐரோப்பிய அனஸ்தீசியா டிப்ளமா, எடாயிக், ரெண்டு பார்ட்டும் கிளியர் பண்ணிட்டேன். இங்க ஒரு கன்சல்டன்சியில, "ஐரோப்பா முழுக்க ட்ரெய்னிங் ஸ்டாண்டர்ட் ஒண்ணுதான், எடாயிக் இருக்கிறதால நீங்க ஏற்கெனவே யூரோப்பியன் ஸ்பெஷலிஸ்ட், அயர்லாந்துல ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் போட்டுட்டு அப்படியே ஜெர்மனிக்கு ஸ்பெஷலிஸ்ட்டா போயிடலாம், அங்க எக்ஸாம் எதுவும் கிடையாது"ன்னு சொல்றாங்க. மொத்தம் 6 லட்சம், அதுல 2 லட்சம் அட்வான்ஸ். கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க தம்பி.

எடாயிக் வேஸ்ட்னு சொல்ல வரல. எம்.சி.க்யூ பேப்பரையும் தாண்டி அந்த வைவாவையும் தாண்டி வந்திருக்கீங்க, சாதாரண விஷயமில்ல. ஆனா அவங்க சொன்னதுல முதல் பாதி அரை உண்மை, பின்பாதி முழுப் பொய், இந்த அரை உண்மையை முன்னாடி வச்சுத்தான் உங்கள மாதிரி நல்லாப் படிச்சவங்களையே கவுக்குறாங்க.

"ஸ்டாண்டர்ட் ஒண்ணுதான்"னு எதை வச்சு சொல்றாங்கன்னா, யு.இ.எம்.எஸ்.னு ஒரு அமைப்பு இருக்கு, ஐரோப்பிய நாடுகளோட ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் சங்கங்கள் சேர்ந்து 1958-ல ஆரம்பிச்சது, ஆபீஸ் பிரஸ்ஸல்ஸ்ல. அவங்க ஒவ்வொரு ஸ்பெஷாலிட்டிக்கும் ட்ரெய்னிங் எப்படி இருக்கணும்னு ஒரு டாகுமென்ட் போடுவாங்க, படிக்கிறவர் என்னென்ன கத்துக்கணும், சொல்லிக்குடுக்கிறவருக்கு என்ன தகுதி, ட்ரெய்னிங் குடுக்கிற ஆஸ்பத்திரி எப்படி இருக்கணும்னு மூணு பகுதியா. நல்ல டாகுமென்ட்தான், நேரம் கிடைச்சா அனஸ்தீசியாவுக்கு உள்ளதைப் படிச்சுப் பாருங்க, 5 வருஷ ட்ரெய்னிங் வேணும்னு கேக்குது. ஆனா அது சிபாரிசு மட்டும்தான். எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது.

கட்டுப்படுத்துறது ஐரோப்பிய யூனியனோட 2005/36 டைரக்டிவ், அதாவது யூனியன் நாடுகள் எல்லாத்துக்கும் பொதுவான சட்டம். அதுல அனஸ்தீசியாவுக்குக் குறைஞ்சபட்ச ட்ரெய்னிங் 3 வருஷம். இந்த 3 வருஷம் 1975-ல வந்த பழைய டைரக்டிவ்லேர்ந்து அப்படியே வருது, அப்போ புரொபொஃபால்ங்கிற மயக்க மருந்தே மார்க்கெட்டுக்கு வரல. டாக்டருங்க சங்கம் 5 வருஷம்னு எழுதுது, ஜெர்மனி தன்னோட ஆளுங்களுக்கு 5 வருஷம் வச்சிருக்கு, சட்டத்துல மட்டும் இன்னும் 3. இதை யாரும் மாத்தல, ஏன்னா மாத்தணும்னா எல்லா நாடும் தன்னோட ட்ரெய்னிங்கைத் திருத்தணும், காசு போகும். பொது ஸ்டாண்டர்ட்னு பெருமையா சொல்றதோட லட்சணம் இதுதான்.

இங்கதான் அடுத்த குழி. "நம்ம எம்.டி.யும் 3 வருஷம்தானே சார், அப்போ பொருந்துதே"ன்னு கேப்பீங்க, எல்லாரும் கேக்குறாங்க, ஏஜென்ட்டும் இதைத்தான் பேப்பர்ல அழகா டேபிள் போட்டுக் காட்டுவான். தானா அங்கீகாரம் கிடைக்கிறது வருஷத்தை எண்ணி இல்ல தம்பி. டைரக்டிவ் கடைசியில ஒரு பட்டியல் இருக்கு, எந்த நாடு, அங்க ஸ்பெஷலிஸ்ட் சர்டிஃபிகேட்டோட பேரு என்ன, அதைக் குடுக்கிறது யாருன்னு. அந்தப் பட்டியல்ல இருக்கிற பேப்பர் கையில இருந்தாத்தான் ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்குக் கேள்வி கேக்காம போக முடியும். நம்ம எம்.டி. அதுல இல்ல. எடாயிக்கும் இல்ல. எடாயிக் 1984-லேர்ந்து நடக்குது, உங்க அறிவை அளக்குது, சுவிட்சர்லாந்துல முதல் பார்ட்டை அவங்க ஊர் ஸ்பெஷலிஸ்ட் பரீட்சையோட எழுத்துத் தேர்வாவே எடுத்துக்குறாங்க, ஆனா அது அங்க ட்ரெய்னிங் பண்றவங்களுக்கு. எடாயிக்கை மட்டும் வச்சுக்கிட்டு ஸ்பெஷலிஸ்ட்டுன்னு போய் நிக்கிறது கல்யாணப் பத்திரிகையைக் காட்டி நான்தான் மாப்பிள்ளைன்னு சொல்ற கதை.

இப்போ அயர்லாந்து ரூட். இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க, ஏன்னா இதுக்குள்ள நிஜமாவே ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை முறுக்கித்தான் உங்ககிட்ட 6 லட்சம் கேக்குறாங்க.

டைரக்டிவ்ல மூணாவது ஆர்ட்டிகிள் என்ன சொல்லுதுன்னா, வெளிநாட்டுல வாங்கின ஒரு சர்டிஃபிகேட்டை ஒரு யூனியன் நாடு ஏத்துக்கிட்டு, அதுக்கப்புறம் அதே நாட்டுல அந்தத் தொழில்ல நீங்க 3 வருஷம் வேலை பார்த்து, அதை அந்த நாடே எழுதிக் குடுத்தா, அதையும் யூனியன் சர்டிஃபிகேட் மாதிரி பார்க்கலாம். ஏஜென்ட் இதுல "ஒரு நாடு ஏத்துக்கிட்டா போதும்"ங்கிற துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கிறான். மீதியை நான் சொல்றேன். முதல்ல, அயர்லாந்து உங்களை எதுவா ஏத்துக்குது? அங்க மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்டர்ல ஜெனரல் டிவிஷன் வேற, ஸ்பெஷலிஸ்ட் டிவிஷன் வேற. பெரும்பாலும் வெளிநாட்டு டாக்டர்களுக்குக் கிடைக்கிறது ஜெனரல். அதுல இருந்துக்கிட்டு ரெஜிஸ்ட்ராரா எத்தனை வருஷம் ராத்திரி டியூட்டி பார்த்தாலும் உங்களை அயர்லாந்து ஸ்பெஷலிஸ்ட்டா ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த 3 வருஷக் கணக்கே ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ஓட ஆரம்பிக்காது. ஸ்பெஷலிஸ்ட் டிவிஷனுக்கு உங்க ட்ரெய்னிங் மொத்தத்தையும் அவங்க ட்ரெய்னிங்கோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க, லாக் புக் (பார்த்த கேஸ்களோட பதிவேடு), ரொட்டேஷன் (எந்தப் பிரிவுல எத்தனை மாசம்), ஐ.சி.யூ. மாசங்கள், எல்லாம். அதையும் தாண்டிட்டீங்க, ஸ்பெஷலிஸ்ட்டா 3 வருஷம் முடிச்சிட்டீங்கன்னே வச்சுக்குவோம், அப்பவும் ஜெர்மனியில தானா கிடைக்காது, பொது முறைன்னு ஒண்ணு இருக்கு, அதுல அவங்க உங்க பேப்பரை எடுத்துத் தங்களோடதோட ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இருந்தா ஒரு பரீட்சையோ கொஞ்ச காலம் மேற்பார்வையில வேலையோ கேக்கலாம். அதுவும் போக இந்த டைரக்டிவே யூனியன் குடிமக்களை மனசுல வச்சு எழுதினது, இந்தியப் பாஸ்போர்ட்டோட இருக்கிற உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்ங்கிறது அப்போ உங்க கையில இருக்கிற விசாவைப் பொறுத்தது. ஆக "அப்படியே போயிடலாம்"ங்கிறதுல அந்த "அப்படியே"வே குறைஞ்சது நாலு வருஷம், அஞ்சு வருஷம்.

அயர்லாந்து போய் அங்கயே இருக்கணும்னா தாராளமாப் போங்க, அது நல்ல முடிவுதான். ஜெர்மனிக்குப் பாலமா அயர்லாந்தைப் போடாதீங்க.

ஜெர்மனிதான் வேணும்னா நேரா ஜெர்மனிக்கே போங்க. அங்க ரெண்டு வேலை, ரெண்டு ஆபீஸ், ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. முதல்ல டாக்டர் லைசன்ஸ், அப்ரோபட்சியோன்னு சொல்வாங்க, அதை மாநில அரசு ஆபீஸ் குடுக்கும். இதுக்குப் பார்க்கிறது உங்க எம்பிபிஎஸ்ஸை. டாக்டர்களுக்கான ஜெர்மன் மொழித் தேர்வு சி1 லெவல்ல, அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க நிறையப் பேர் எழுதுறது கென்ட்நிஸ்ப்ரூஃபுங்ங்கிற மருத்துவ அறிவுத் தேர்வு, சுருக்கமா கே.பி., மெடிசினும் சர்ஜரியும்தான் அதுல முக்கியம். வருஷக்கணக்கா ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுத்தவரு மறுபடி ஃபைனல் இயர் பையன் மாதிரி வயித்தைத் தட்டிப் பார்த்து பதில் சொல்லணும், எரிச்சலாத்தான் இருக்கும், வேற வழியில்ல. ரெண்டாவது, ஸ்பெஷலிஸ்ட் அங்கீகாரம். அது மருத்துவர் சேம்பர்னு சொல்ற டாக்டர்களோட மாநில அமைப்பு கையில. மாநிலம் 16, சேம்பர் 17, ஒவ்வொண்ணுக்கும் தனி விதிப் புத்தகம். ஒரு சேம்பர் எம்.டி. காலத்துல பாதியை எடுத்துக்கும், பக்கத்து சேம்பர் அதே பேப்பருக்கு அதைவிடக் கம்மியாத் தரும், ஐரோப்பா முழுக்க ஒரே ஸ்டாண்டர்ட்னு பேசுறவங்க முதல்ல ஒரே நாட்டுக்குள்ள அதைக் கொண்டுவந்துட்டு வரட்டும். நீங்க பண்ண வேண்டியது, வேலைக்குச் சேரப்போற இடத்தோட சேம்பர் எதுன்னு பார்த்து, எம்.டி. லாக் புக், துறைத் தலைவர்கிட்ட மாச வாரியா ரொட்டேஷன் லெட்டர், ஐ.சி.யூ. எத்தனை மாசம்னு தனியா (அவங்களுக்கு 12 மாசம் வேணும்), இதெல்லாம் நீங்க படிச்ச காலேஜ்ல தெரிஞ்சவங்க இருக்கும்போதே வாங்கி வச்சுக்கிறது. பத்து வருஷம் கழிச்சுப் போனா பழைய ஹெச்.ஓ.டி. ரிட்டயர்டு, ரெக்கார்டு ரூம்ல தேடிக்கிட்டு நிக்கணும். எடாயிக் இந்த ஃபைல்ல ஒரு நல்ல பேப்பர், அவ்வளவுதான். அதுவரைக்கும் அசிஸ்டென்ட் டாக்டரா சம்பளத்தோட வேலை பார்க்கலாம், விடுபட்ட மாசங்களை அங்கயே முடிச்சு சேம்பரோட வாய்வழித் தேர்வு எழுதிட்டா கையில வர்றது ஜெர்மன் சர்டிஃபிகேட், அந்தப் பட்டியல்ல இருக்கிற பேப்பர்.

எடாயிக்குக்கு நேரடியா மரியாதை கிடைக்கிற இடம் பிரிட்டன், அங்க ஜி.எம்.சி.ங்கிற மெடிக்கல் கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ண, வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் பரீட்சை எழுதாம இதைக் காட்டலாம், காலக்கெடு இருக்கு, அவங்க சைட்லயே பார்த்துக்குங்க. ஆனா பிரிட்டன் யூனியனை விட்டுப் போயாச்சு.

இன்னும் ரெண்டு டயலாக் உங்ககிட்ட வரும், இப்பவே சொல்லிடுறேன். ஒண்ணு, "என்.எம்.சி.க்கு (நம்ம தேசிய மருத்துவ ஆணையம்) உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்போட அங்கீகாரம் வந்தாச்சு, இனிமே இந்திய டிகிரி எல்லா இடத்துலயும் செல்லும்". அது 2023-ல வந்தது, 10 வருஷத்துக்கு, உண்மைதான். ஆனா அது எம்பிபிஎஸ் காலேஜ்களை என்.எம்.சி. எப்படிச் சரிபார்க்குதுங்கிறதுக்கான அங்கீகாரம். எம்.டி.யைப் பத்திப் பேசல, லைசன்ஸைப் பத்தியும் பேசல. இன்னொண்ணு, "ஜெர்மன் லைசன்ஸ் ரெண்டே மாசத்துல". அவங்க காட்டுறது தற்காலிக அனுமதியா இருக்கும், பெரூஃப்ஸ்எர்லாவ்ப்னிஸ்னு பேரு, அதிகபட்சம் 2 வருஷம், பெரும்பாலும் குறிப்பிட்ட ஆஸ்பத்திரியோட கட்டிப்போட்டது. அதை ஃப்ரேம் போட்டுச் சுவத்துல மாட்டி வச்சுட்டு கே.பி.க்குப் படிக்காம விட்டவங்க 2 வருஷம் முடியும்போது படுற பாடு இருக்கே.

அப்புறம் இந்தக் காசு. ஜெர்மன் ஆஸ்பத்திரிக்கு ஆள் தேவை, ஆள் பிடிச்சுக் குடுக்கிறதுக்கு வழக்கமா ஆஸ்பத்திரிதான் ஏஜென்சிக்குப் பணம் குடுக்குது. உங்ககிட்டயும் வாங்கினா ரெண்டு பக்கமும் கல்லா. நம்ம ஊர்லயே 1983 எமிக்ரேஷன் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவங்க மத்திய அரசுகிட்ட ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணும், சர்வீஸ் சார்ஜுக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. மத்திய அரசோட ஈ-மைக்ரேட் தளத்துல அந்தக் கன்சல்டன்சி பேரைப் போட்டுத் தேடுங்க. "நாங்க ரெக்ரூட்மென்ட் இல்ல சார், டாகுமென்டேஷன் மட்டும்"னு நழுவுவாங்க, அப்போ ஜெர்மனியில ஸ்பெஷலிஸ்ட் வேலைன்னு எப்படி வாக்குக் குடுத்தீங்கன்னு கேளுங்க. எந்த ஆபீஸ், எந்த ஆர்ட்டிகிள்ல, என்ன பேரு போட்ட சர்டிஃபிகேட்டை எக்ஸாம் இல்லாம எனக்குக் குடுக்கும்னு லெட்டர்ஹெட்ல எழுதித் தரச் சொல்லுங்க, அந்த நிமிஷமே ஆளோட குரல் மாறும்.

ஒரிஜினல் எம்.டி. சர்டிஃபிகேட்டை "வெரிஃபிகேஷனுக்கு"ன்னு வாங்கி வச்சிருக்காங்களான்னு நீங்க எழுதல. வச்சிருந்தா நாளைக்கே நேர்ல போய் வாங்கிடுங்க, அட்வான்ஸ் பேச்சையெல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்.